தேய்மானம் போகும் இடம்

ஓசூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனியில் பூங்கோதைக்கு ஒரே வேலைதான். எந்த அச்சு எப்போது சாகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இருசக்கர வண்டிகளுக்குப் போகும் எஃகுக் குழாய்களின் முனையை ஒடுக்கித் தரும் கம்பெனி அது. குழாயின் முனையை இயந்திரத்தின் வாயில் செருகினால், உள்ளே நான்கு கெட்டியான அச்சுகள் சுற்றிச் சுற்றி அடிக்கும். எண்ண முடியாத வேகத்தில் அடி விழும். முனை மெழுகு மாதிரி குறுகிக் கூம்பாகி வெளியே வரும். குழாயைக் கையில் பிடித்து உள்ளே தள்ளுவது பெண்கள். குழாயின் நீளமும் தடிமனும் அடிக்கடி மாறும் என்பதால், அந்த இடத்தில் இயந்திரக் கை வைப்பதைவிட மனிதக் கை வைப்பதே சல்லிசு என்று கம்பெனி முடிவு செய்திருந்தது.

ஒவ்வோர் அடிக்கும் அச்சு கண்ணுக்குத் தெரியாமல் தேயும். தேய்ந்த அச்சு குழாயைக் கோணலாக்கும். சில நேரம் உள்ளேயே உடைந்து, அன்றைய வேலையையே நிறுத்திவிடும். பூங்கோதை வருவதற்கு முன்பு, இவ்வளவு குழாய் ஓடியதும் அச்சைக் கழற்றிவிடு என்று குருட்டாம்போக்கில் ஒரு விதி இருந்தது. அதில் நல்ல அச்சும் குப்பைக்குப் போனது. போயிருக்க வேண்டிய அச்சு உடைந்தும் போனது. அவள் இயந்திரத்தின் உடம்புக்குள் உணரிகளைப் பொருத்தி, உலோகம் அடிபடும் சத்தத்திலிருந்து அச்சின் மிச்ச ஆயுளைச் சொல்லும் ஒரு மென்பொருளை எழுதினாள். அதற்குச் செவி என்று பெயர் வைத்தாள். செவி சொன்ன நாளில் அச்சைக் கழற்றிப் பார்த்தால், அது சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்குத் தேய்ந்திருக்கும். வருடக்கணக்கில் அச்சோடு புழங்கியவர்கள்கூட அதைப் பார்த்த பிறகு செவியைக் கேட்டே அச்சைக் கழற்றினார்கள்.

தொழிற்சாலைத் தலைவர் கிரிதரன் அதோடு விடவில்லை. அச்சு எப்போது தேயும் என்று செவிக்குத் தெரிகிறதென்றால், தேயாமல் எப்படி ஓட்டுவது என்பதையும் அதையே கண்டுபிடிக்கச் சொல்லலாமே என்று கேட்டார். பூங்கோதைக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடியின் வேகத்தையும் தாளத்தையும் செவியின் கையில் ஒப்படைத்தாள். அது சற்றே வேகத்தைக் கூட்டும், குறைக்கும், இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு நூலளவு நேரம் நிறுத்தும். ஒவ்வொரு முறையும் அச்சு என்ன ஆகிறது என்று கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டது.

மழைக்காலம் முடிவதற்குள் அச்சுகள் சாவதையே மறந்துவிட்டன என்று அச்சு வேலை நடக்கும் டூல் ரூமில் பேசிக்கொண்டார்கள். முன்பு ஒரு வாரம் தாங்கிய அச்சு ஒரு மாதம் தாண்டியும் புதிது போல இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பூங்கோதைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. உலோகமும் உலோகமும் அடித்துக்கொண்டால் ஏதோ ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். அடியின் பலம் குறையவில்லை; குழாய் முன்பு போலவே ஒடுங்குகிறது. அப்படியானால் அச்சு வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சி எங்கே போகிறது? கிரிதரனிடம் இதைக் கேட்டபோது, பலன் கையில் இருக்கிறது, காரணத்தை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றே அப்போது தோன்றியது.

அந்தக் கம்பெனியில் குழாய் தள்ளும் பெண்களில் பூங்கோதையின் தங்கை சுகந்தியும் ஒருத்தி. தருமபுரிப் பக்கம் இருந்தவளை வரவழைத்து வேலையில் சேர்த்துவிட்டதே பூங்கோதைதான். சுகந்தியின் வீட்டுக்காரன் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அதனால் அக்காவும் தங்கையும், தங்கையின் கைக்குழந்தை ஆதிரையும் பாகலூர் சாலையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பனி விலகவில்லை. குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்தாயா என்று பூங்கோதை சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பாத்தேன் அக்கா. ஒண்ணுமில்ல, ஜில்லுனுதான் இருக்கு."

பூங்கோதை கடைக்குப் போய்விட்டு வந்தாள். அப்போதும் சிணுங்கல் நிற்கவில்லை. சுகந்தி திரும்பவும் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பல் முளைக்கிற கோளாறாக இருக்கும் என்றாள். பூங்கோதை குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள். துணியைத் தாண்டி அனல் அடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது குழந்தையின் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் இறங்கியது. குழந்தை கண் விழித்துப் பார்த்தது. டாக்டர் பர்வீன் அதற்குப் பிறகுதான் தாயின் பக்கம் திரும்பினார். இவ்வளவு காய்ச்சலை எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று கேட்க வந்தவர், சுகந்தியின் கையைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திவிட்டார். விரல்கள் நடுக்கணு வரை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன. கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் விரல் நுனியைத் தொட்டார். பிறகு ஊசியின் மழுங்கிய பக்கத்தால் தொட்டார். சுகந்தியால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வெந்நீர்க் குவளையையும் பச்சைத் தண்ணீர்க் குவளையையும் மாற்றி மாற்றிப் பிடிக்கக் கொடுத்தார். அதையும் சொல்ல முடியவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மழைக்காலத்திலிருந்தே என்று சுகந்தி சொன்னாள். முதலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாம். அப்புறம் அதுவும் இல்லையாம். சொன்னால் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதிரும் பொருளை நாள் முழுக்கப் பிடிப்பவர்களுக்கு வருவதுதான் இது, ஆனால் பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்தவர்களிடம்தான் இந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன் என்றார் டாக்டர். பூங்கோதை தயங்கிவிட்டு, சரியாகுமா என்று கேட்டாள்.

"ரத்த ஓட்டம் கொஞ்சம் திரும்பலாம். நரம்பு போனது போனதுதான்."

குழந்தை தேறியதும் பூங்கோதை சுகந்தியை அழைத்துக்கொண்டு, கேன்டீனில் குழாய் தள்ளும் மற்றப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். சுகந்தியின் கையை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டிய பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ரெபேக்காவுக்கு ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை, மகள்தான் மாட்டிவிடுகிறாள். நாகம்மா பர்சுக்குள் கையை விட்டுச் சில்லறை துழாவுவதை விட்டுவிட்டாள், எல்லாவற்றையும் கொட்டிக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறாள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், மாப்பிள்ளை கையைப் பிடித்தபோது எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பெண்கள் எல்லோரும் வருகைப் பதிவுக்காக மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். கையின் அசைவையும் நடுக்கத்தையும் அது சும்மா பதிந்துகொண்டிருந்தது. அதை இதுவரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. பூங்கோதை அந்தப் பதிவைச் செவியின் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சின் தேய்மானம் இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் மணிக்கட்டின் அதிர்வு ஏறியிருந்தது. ஓர் இடம்கூடத் தப்பவில்லை. அவள் மாதக்கணக்கில் தேடிய விடை அதுதான். விடை கிடைத்தவுடன் அவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை.

கிரிதரனிடம் போய் எல்லாவற்றையும் காட்டினாள். ஒவ்வோர் அடியிலும் ஓர் அதிர்ச்சி பிறக்கிறது. முன்பு அதில் பெரும்பகுதியை அச்சு வாங்கித் தேய்ந்தது. செவி தாளத்தை மாற்றி மாற்றி, அந்த அதிர்ச்சி அச்சுக்குள் தங்காமல் குழாய் வழியாக ஓடிவிடும் ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. குழாயின் மறுமுனையில் இருப்பது கை.

"அதுக்குக் கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது சார். அச்சைக் காப்பாத்துன்னு மட்டும்தான் நாம சொல்லியிருக்கோம்," என்றாள்.

கிரிதரன் கெட்டவர் இல்லை. நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் தன்னை அறியாமல் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கே செவியின் தாளத்தை நிறுத்திப் பழைய சீரான வேகத்துக்கு மாற்றச் சொன்னார். தலைமை அலுவலகத்தோடு இரண்டு மூன்று நாள் பேசினார். பிறகு பூங்கோதையைக் கூப்பிட்டார்.

பழைய முறைக்கே நிரந்தரமாகத் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நீண்ட நாள் உழைக்கும் அச்சை நம்பித்தான் ஆர்டர் எடுத்திருக்கிறார்களாம். ஆனால் கையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அச்சுக்கு ஒரு மதிப்பு இருப்பது போல, கைக்கும் ஒரு மதிப்பைச் செவிக்குச் சொல்லிவிட்டால், அது இரண்டையும் பார்த்து ஓட்டும்.

"கைக்கு என்ன சார் மதிப்பு போடறது?"

"அச்சுக்கு எப்படிப் போட்டோம்? ஒண்ணு போனா இன்னொண்ணு வர எவ்வளவு ஆகும், அதான். அந்தக் கணக்கைக் கைக்குப் போட்டா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். அவர் முடிக்காததை அவள் புரிந்துகொண்டாள். அச்சு போனால் புது அச்சு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு பெண்ணின் கை போனால் மறுநாள் காலை கேட்டில் இன்னொருத்தி நிற்பாள். நியாயமான கணக்கைப் போட்டால் செவி திரும்பவும் அச்சைத்தான் காப்பாற்றும்.

கிரிதரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்களே ஒரு மதிப்பு போடுங்க. நான் எதுவும் கேட்க மாட்டேன்."

அவள் போட்டாள். ஒரு பெண்ணின் ஒரு விரல் நுனி, அந்தத் தொழிற்சாலையின் எல்லா அச்சுகளையும்விட உயர்ந்தது என்று செவிக்குச் சொன்னாள். அது போதாது என்று, கை எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க ஒரு வழியும் செய்தாள். மெல்ல அதிரும் ஒரு கைப்பிடியைச் சற்று நேரம் பிடித்தால் போதும். விரல்கள் பதிலுக்கு நடுங்கும் விதத்திலிருந்து எவ்வளவு உணர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடும். யாருக்குக் கை கெட ஆரம்பித்தாலும் இனி உடனே தெரிந்துவிடும் என்று சுகந்தியிடம் சொன்னாள். சுகந்தி அன்று அக்காவுக்குப் பிடித்த கொள்ளுக் கடைசல் செய்தாள். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்து விரல் கொப்பளித்தது. பூங்கோதை சொன்ன பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. செவி அடியை மென்மையாக்கியது. அச்சுகள் பழையபடி தேய்ந்தன, அவற்றைக் கழற்றி மாற்றினார்கள். கேன்டீனில் பெண்கள் சத்தமாகப் பேசிச் சிரித்தார்கள். நாகம்மா, தன் சுண்டுவிரலில் குத்தினால் கொஞ்சம் தெரிகிறது என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை கம்பெனிக்குள் லாரிகள் வந்தன. அவற்றிலிருந்து இயந்திரக் கைகள் இறங்கின. குழாய் தள்ளும் பெண்களைச் சிறு சிறு குழுவாகக் கூப்பிட்டு, அவர்கள் உடல்நலனை முன்னிட்டு இந்தப் பணி நிறுத்தப்படுகிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். சட்டப்படி தர வேண்டியதைக் குறைவில்லாமல் தந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் வெளியே இருந்தார்கள்.

பூங்கோதை கிரிதரன் அறைக்குப் போனபோது அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவும் தோன்றாமல் பேசினார்.

"நீங்க போட்ட மதிப்பை நாங்க தொடவே இல்ல பூங்கோதை. எது லாபம்னு மாசாமாசம் செவி சொல்றதை மேல பார்க்கறாங்க. இவ்வளவு விலை உசந்த கையை இந்த வேலைக்கு வைக்கறது நஷ்டம்னு அதுதான் சொல்லுச்சு. மெஷின் கை எவ்வளவு விலை ஆனாலும் இதைவிடச் சல்லிசுன்னு சொல்லுச்சு."

மதிப்பைக் குறைத்துப் போட்டால் அவர்களைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"எடுப்பாங்க. மெஷின் கையைத் திருப்பி அனுப்ப இன்னும் அவகாசம் இருக்கு. எவ்வளவுன்னு சொல்லுங்க."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள். கை கெடாத அளவு வரை இறக்கினால், இயந்திரக் கையே மலிவு என்று செவி சொன்னது. இன்னும் இறக்கி, பெண்களைத் திரும்ப எடுக்கலாம் என்று அது சொல்லும் இடத்துக்கு வந்தால், அந்த இடத்தில் அச்சின் அதிர்ச்சியெல்லாம் கைக்குப் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஓர் எண் இருக்கும் என்று தேடினாள். பெண்களுக்கு வேலையும் இருக்க வேண்டும், விரலும் இருக்க வேண்டும். அப்படி ஓர் எண் இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் தேடினாள். குழாயின் தடிமனை மாற்றிப் பார்த்தாள், வேலை நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்தாள், உறை போட்ட கை என்று வைத்துப் பார்த்தாள். எங்கும் இல்லை.

வீட்டில் சுகந்தியிடம் அதைச் சொன்னாள். சுகந்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சூடு தெரியாததால் ஒவ்வொரு கவளத்தையும் முதலில் தன் உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"குறைச்சே போட்டுடு அக்கா," என்றாள் பிறகு. "எங்களுக்குப் போனது போனதுதானே. போன கைக்கு எதுக்கு இவ்வளவு விலை?"

"உனக்குப் போச்சு. கேட்டுல புதுசா வந்து நிக்கறவளுக்குப் போகலையே."

"அவளும் வேணும்னுதான் வந்து நிப்பா."

அந்த வாரம் முழுக்கப் பூங்கோதை இரண்டு எண்களுக்கு நடுவே அல்லாடினாள். கடைசியில் எந்த எண்ணையும் சொல்லவில்லை. அவகாசம் முடிந்தது, இயந்திரக் கைகள் தரையில் பொருத்தப்பட்டன. அவற்றின் மணிக்கட்டு மூட்டுகள் எப்போது தேயும் என்று சொல்வது பூங்கோதையின் புது வேலையாயிற்று. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பலமுறை நினைத்தாள். சுகந்தியின் வீட்டுக்காரன் எப்போதாவது அனுப்புவதைத் தவிர, வீட்டில் சம்பளம் வருவது இப்போது அவளுக்கு மட்டும்தான்.

வெயில் தணிந்த பிறகு சுகந்தி மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். மொபைல் பாகங்கள் பூட்டும் கம்பெனி, மாத்திரை அடைக்கும் கம்பெனி, பின்னலாடைக் கம்பெனி என்று ஏறி இறங்கினாள். ஒவ்வோர் இடத்திலும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். காரணம் கேட்டால், உங்களுக்கு ஒத்துவராது என்பார்கள். கூட வந்து பேசிப் பார் என்று அவள் அக்காவைக் கேட்டாள். பூங்கோதை விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு ஒரு புதுக் கம்பெனிக்குப் போனாள்.

கேட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பெரும்பாலும் சின்ன வயதுக்காரிகள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். காவலாளி அறைக்கு வெளியே ஒரு கம்பத்தில் ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தார்கள். வரிசையில் வருபவர்கள் அதைப் பிடிக்க வேண்டும். அது வண்டு முரல்வதுபோல மெல்ல அதிரும். மேலே பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம்.

பூங்கோதை அந்தக் கைப்பிடியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். அதிர்வின் ஏற்ற இறக்கம்கூட அவள் எழுதியதுதான். அவள் கம்பெனி அதைத் தனியாக விற்க ஆரம்பித்திருந்தது, தொழிலாளர் நலக் கருவி என்று. தங்கையைத் திருப்பி அனுப்பிய வாசல்களிலும் இதுவே இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று தங்கையின் தோளைப் பிடித்தாள். அதற்குள் சுகந்தியின் முறை வந்துவிட்டது.

சுகந்தி கைப்பிடியைப் பிடித்தாள். அது அதிர்கிறதா இல்லையா என்று இந்த முறையும் தெரியாமல், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று காவலாளியைக் கேட்டாள். முடிந்துவிட்டதம்மா என்றார் அவர். மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுகந்தி அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, போய்விடலாம் என்று இன்னும் தன் தோளைப் பிடித்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதான் நீ எங்களுக்காகச் செஞ்சேன்னு சொன்னதா?"

பூங்கோதை ஆமாம் என்றாள்.

சுகந்தி தன் உள்ளங்கையை விரித்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்க அக்கா," என்றாள். "சரியாச் சொல்லுது."

பின்னால் நின்ற பெண் தன் முறை வந்துவிட்டது என்று சொல்லி, அவர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள்.